ஒரே வீட்டுக்கு மூன்று பற்றரி வண்டிகள்: இங்கிலாந்தில் எதற்கு என்ன விதி?

கேள்வி: கீழைக்காற்று

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் ஒரே சமயத்தில் பற்றரியில் ஓடும் வண்டி தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் எதை வீதியில் ஓட்டலாம், எதை நடைபாதையில் ஓட்டலாம், எதை வாங்கவே கூடாது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்து போனதால், கடைவரை நடந்து போனால் பாதி வழியில் யாருடைய மதிலிலாவது உட்கார்ந்து இளைப்பாறித்தான் வீடு வந்து சேர்கிறார். அவருக்கு மொபிலிட்டி ஸ்கூட்டர் பார்க்கப் போனபோது, விற்பனையாளர் மணிக்கு 8 மைல் ஓடும் பெரிய வண்டியைக் காட்டி, இதை எங்கேயும் ஓட்டலாம், எந்தப் பதிவும் தேவையில்லை என்றார். 15 வயது மகன், தோழர்கள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பிறந்தநாளுக்கு நின்றபடி ஓட்டும் இ-ஸ்கூட்டர் கேட்கிறான். கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவதால், நான் வேலைக்குப் போக ஒரு இ-பைக் வாங்க நினைக்கிறேன். என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது. விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: தாழங்குடை

வணக்கம் அக்கா. அம்மாவுக்கு வாங்கியபோது இதே அலைச்சலை நானும் பட்டேன் என்பதால், அப்பாவின் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சட்டம் இவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. கையால் உருட்டும் சக்கர நாற்காலி முதலாம் வகுப்பு. மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடாதது இரண்டாம் வகுப்பு. 8 மைல் வரை ஓடுவது மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு வண்டி நடைபாதைக்கு உரியது; நடைபாதை இல்லாத இடத்திலும் வீதியைக் கடக்கும்போதும் மட்டுமே அது வீதியில் இறங்கலாம். பதிவு தேவையில்லை என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது இந்த வகுப்புக்குத்தான் பொருந்தும். விற்பனையாளர் காட்டியது மூன்றாம் வகுப்பு. அதை வாகனப் பதிவையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கவனிக்கும் அரச அமைப்பான டி.வி.எல்.ஏ.யில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் வாகன வரி கட்ட வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரம் இரண்டு வகுப்புக்கும் தேவையில்லை.

மூன்றாம் வகுப்பு வண்டியில் முன் பின் விளக்குகள், திசை காட்டும் விளக்குகள், ஹோர்ன், பின்பக்கக் கண்ணாடி ஆகியவற்றோடு, வேகத்தை 4 மைலுக்குள் கட்டுப்படுத்தும் ஓர் அமைப்பும் இருக்க வேண்டும். வீதியிலிருந்து நடைபாதைக்கு ஏறும்போது ஒவ்வொரு முறையும் அந்தச் சுவிட்சை மாற்ற வேண்டும். அம்மாவின் வண்டியில் அது கைப்பிடிக்குக் கீழே, விரல்நுனி அளவில் இருந்தது. குளிர்காலத்தில் கையுறையோடு அவரால் அதைத் தள்ளவே முடியவில்லை. வாங்குவதற்கு முன் அப்பாவைக் கையுறை போட்டுக்கொண்டு அதை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்பார்வைக்குச் சட்டப்படியான தேர்வு இல்லை. ஆனாலும் 12.3 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் இலக்கத்தகட்டை வாசிக்க முடிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவுறுத்துகிறது. இதை வீட்டு வாசலிலேயே அளந்து பார்க்கலாம். காப்புறுதியும் கட்டாயமில்லை, இருந்தாலும் நடைபாதையில் ஒரு குழந்தையின் காலில் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்து, நாங்கள் எடுத்துக்கொண்டோம். நீண்டகால உடற்குறைபாடு உள்ளவர் தம் சொந்தப் பாவனைக்கு வாங்கும்போது வற் வரி விலக்கு உண்டு என்பதால், அதற்கான உறுதிப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

என் அபிப்பிராயம்: அப்பா போகவேண்டியது கடைக்கும் மருத்துவரிடமும் மட்டும்தான் என்றால், இரண்டாம் வகுப்பே போதும். மூன்றாம் வகுப்பு வண்டியைப் பொதுவாகப் பேருந்தில் ஏற்றிக்கொள்வதில்லை என்பதும் ஒரு காரணம்.

மறுமொழி: நெடுந்தூரம்

மகனுடைய இ-ஸ்கூட்டர் பற்றி, ஒரு தகப்பனாக, தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். கடையில் விற்பது சட்டவிரோதமில்லை, ஆனால் வாங்கியதைப் பொது இடத்தில் ஓட்டுவது சட்டவிரோதம். இந்த முரண்பாட்டில்தான் பெற்றோர் பலரும் ஏமாந்து போகிறோம். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி இ-ஸ்கூட்டர் ஒரு மோட்டார் வாகனம். ஆகவே காப்புறுதி, பதிவு, அனுமதிப்பத்திரம் எல்லாம் அதற்கு வேண்டும். தனியாருடைய இ-ஸ்கூட்டருக்கு அவற்றைப் பெற வழியில்லை. நடைபாதையில் ஓட்டுவதை 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே தடுக்கிறது. எஞ்சியிருப்பது தனியார் நிலம் மட்டுமே, அதுவும் உரிமையாளரின் அனுமதியோடு.

2020 ஜூலையிலிருந்து சில நகரங்களில் பரீட்சார்த்தமாக வாடகைக்கு விடப்படும் இ-ஸ்கூட்டர்கள் வேறு. அவற்றுக்கான காப்புறுதியை வாடகைக்கு விடும் நிறுவனமே எடுத்திருக்கும். ஓட்டுபவரிடம் கியூ பிரிவு (இத்தகைய சிறு வண்டிகளுக்கான பிரிவு) உள்ள அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகனுக்கு அந்த வழியும் இப்போது இல்லை.

என் மகனுக்கு 16 வயதாக இருந்தபோது நானும் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் பொலிஸார் வீதியில் மறித்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டோடு அவனை நடந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் அந்தச் சீட்டை நீட்டிக்கொண்டு அவன் நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வண்டி போனதைவிடப் பெரிய கவலை, அனுமதிப்பத்திரத்தில் பதியப்படும் குற்றப் புள்ளிகள்தான். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு 300 பவுண்டு தண்டமும் 6 புள்ளிகளும் விதிக்கப்படலாம். அனுமதிப்பத்திரமே எடுக்காத பிள்ளைக்கும் அந்தப் புள்ளிகள் பதிவாகிக் காத்திருக்கும். பிறகு கார் ஓட்டப் பழகும்போது காப்புறுதிக் கட்டணத்தில் அது தெரியவரும். தவறு அவனுடையதல்ல, விசாரிக்காமல் வாங்கிக் கொடுத்த என்னுடையது.

கேள்வி கேட்டவர்: கீழைக்காற்று

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். முகம் வாடிவிட்டது, ஆனால் விளங்கிக்கொண்டான். என் இ-பைக் பற்றி ஒரு சந்தேகம். இணையத்தில் 1000 வாட் மோட்டாரும், மிதிக்காமலே ஓட்டக்கூடிய கைப்பிடி முறுக்கியும் உள்ள ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? இன்னொன்று, தாத்தாவின் ஸ்கூட்டரை இடைக்கிடை தானும் ஓட்டலாமா என்று மகன் கேட்கிறான்.

மறுமொழி: ஈருருளி

அந்த 1000 வாட் வண்டியை எடுக்காதீர்கள். மிதிகள் இருக்க வேண்டும், மோட்டாரின் தொடர்ச்சியான வலு 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது, மணிக்கு 15.5 மைல் வேகத்தை எட்டியதும் மோட்டார் உதவியை நிறுத்திவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் உட்பட்டால்தான் இங்கே அது சைக்கிளாகக் கருதப்படும். அப்போது அனுமதிப்பத்திரம், காப்புறுதி, பதிவு, வரி எதுவும் வேண்டாம். 14 வயது நிரம்பியவர் யாரும் ஓட்டலாம், சைக்கிள் பாதைகளிலும் போகலாம். நடைபாதையில் மட்டும் கூடாது. வரம்பை மீறினால், பார்வைக்குச் சைக்கிளாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் சைக்கிள். அதற்குரிய தலைக்கவசம் உட்பட எல்லாம் கேட்கப்படும்.

கைப்பிடி முறுக்கியைப் பொறுத்தவரை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக உதவும் 6 கிலோமீட்டர் வேகம்வரை சிக்கலில்லை. அதற்கு மேல் மிதிக்காமல் ஓடுகிற வண்டியை, 2016இலோ அதற்குப் பிறகோ வந்ததாக இருந்தால், வகை ஒப்புதல் (அந்த வகை வண்டி வீதிக்குத் தகுந்தது என்ற அதிகாரபூர்வச் சான்று) இல்லாமல் வீதிக்குக் கொண்டுவர முடியாது.

வண்டியில் உற்பத்தியாளர் பெயரோ மோட்டாரின் வலுவோ பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. நான் வாங்கியபோது குனிந்து பின்சக்கர மோட்டாரின் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்துத்தான் 250 என்ற எழுத்தைக் கண்டேன். விளம்பரத்தை நம்புவதைவிட அந்தப் பொறிப்பைத் தேடுவது நல்லது. பழைய சைக்கிளில் மலிவான மோட்டாரையும் பற்றரியையும் பூட்டிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். தரமற்ற லித்தியம் பற்றரிகள் வீட்டுக்குள் மின்னேற்றும்போதே தீப்பிடித்திருக்கின்றன. எதை வாங்கினாலும், அதோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள்; வெளியேறும் வாசலருகே வைத்து மின்னேற்றாதீர்கள்.

மறுமொழி: தாழங்குடை

மகனின் கேள்விக்குப் பதில்: ஓட்டக் கூடாது. நோயாலோ காயத்தாலோ உடற்குறைபாட்டாலோ நடக்கச் சிரமப்படுபவர் ஓட்டும்வரைதான் அந்த வண்டிக்கு மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்கு. அதற்கு வெளியே, விற்பவர் ஓட்டிக் காட்டலாம், பயன்படுத்துபவருக்குப் பழக்குபவர் ஓட்டலாம், திருத்தக் கொண்டு போகவும் ஓட்டலாம், அவ்வளவுதான். தாத்தா கடைக்குப் போகும்போது அவன் பக்கத்தில் நடந்து போகட்டும். நடைபாதையில் அந்த வண்டியின் வேகம் ஒருவர் வேகமாக நடக்கும் வேகம்தான். 15 வயதுப் பிள்ளைக்கு அது கஷ்டமே இல்லை.