டூரிங் சைக்கிளுக்கு அகல டயர், மட்கார்டு, பூட்டு: எதை முதலில் வாங்குவது?

காலடிப்பேட்டை பெடல் (கேள்வி)

வணக்கம். பழைய ஸ்டீல் பிரேம் டூரிங் சைக்கிள் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. 700சி அளவுச் சக்கரம், 32 மி.மீ. அகல டயர், ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி-பிரேக், பின்னால் கேரியர். மட்கார்டு இல்லை, பூட்டும் இல்லை. வார நாட்களில் வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் வரை ஓட்டி, அங்கேயே நாள் முழுக்க நிறுத்திவிட்டுப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. தை பிறந்ததும் இரண்டு பைகளை மாட்டிக்கொண்டு நெல்லூர் வரை போகிற ஆசையும் உண்டு.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்களில் இந்த 32 டயர் என் பல்லை ஆட்டுகிறது. ஐப்பசி மழை வேறு வாசலில் நிற்கிறது. அருகில் ஒரு கடையில் கேட்டால், "இந்த வண்டிக்கெல்லாம் மட்கார்டு வராது சார், புது வண்டி எடுத்துக்குங்க" என்கிறார்கள். டயர் எவ்வளவு அகலம் போகலாம்? மட்கார்டு நிஜமாகவே வராதா? பூட்டு எது?

வியாசர்பாடி வேகம்

42 போடுங்க ப்ரோ, கண்ணை மூடிக்கிட்டு. மட்கார்டு எல்லாம் வெயிட்டு.

தண்டையார்பேட்டை பழைய இரும்பு

கண்ணை மூடிக்கொண்டு 42 போட்டால் சக்கரம் சுற்றாது, தம்பி. முதலில் டயர், டயருக்கு ஏற்ற மட்கார்டு, இரண்டும் ஏறிய பிறகு பூட்டு. பூட்டை முதலில் வாங்கினால் அது பிறகு சக்கரத்தைச் சுற்றி நுழையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் டயரின் பக்கவாட்டில் 32-622 என்று பொறித்திருக்கும், பாருங்கள். 32 அகலம், 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. கடையில் "28 இஞ்சு தானே" என்று எதையாவது எடுத்து நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். பால்காரர் ஓட்டும் கறுப்பு சைக்கிளுக்கு வரும் 28 x 1½ டயர் 635. உங்கள் ரிம்மில் தொளதொளவென்று நிற்கும், காற்றடித்தால் கழன்றுவிடும். 622 என்ற எண் இருந்தால் மட்டும் கையில் எடுங்கள்.

டயருக்கும் பிரேமுக்கும் நடுவே இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஸ்கேல் வேண்டாம், அலன் கீ செட் (ஒவ்வொன்றும் இத்தனை மி.மீ. என்று தடிமன் தெரிந்த ஆறுமுனைச் சாவிகள்) போதும். பெடல் அச்சுக்குப் பின்னால் டயரின் இரண்டு பக்கமும் ஓடும் பிரேம் குழாய்கள்தான் ஆக இறுக்கமான இடம். எல்லோரும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "இடம் தாராளமா இருக்கே" என்று ஏமாறுவார்கள். பின்பக்கம் எந்த கீ உரசாமல் நுழைகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். போர்க் தலைக்கும் டயர் மேல்பரப்புக்கும் எவ்வளவு, பிரேம் நுனியில் சக்கரம் மாட்டும் இடத்தில் கேரியர் போல்ட்டைத் தவிர இன்னொரு திருகுத் துளை உண்டா என்பதையும் பாருங்கள்.

காலடிப்பேட்டை பெடல்

அண்ணே, பின்னால் இரண்டு பக்கமும் 10 மி.மீ. கீ சரியாக நுழைகிறது. போர்க்கில் டயருக்கு மேல் இரண்டு விரல் இடம் இருக்கிறது. பின்பக்கம் ஒரே துளைதான், அதில் கேரியர் உட்கார்ந்திருக்கிறது. முன் போர்க்கில் துளை காலியாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை பழைய இரும்பு

அப்படியென்றால் கணக்கு நேராக வந்துவிட்டது. 32 டயர், இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10. ஆக, குழாய்களுக்கு நடுவே 52 மி.மீ. மட்கார்டு வேண்டாம் என்றால் 40 வரை போகலாம், பக்கத்துக்கு 6 மிஞ்சும். இடைவெளி அந்த 6-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒரு ஸ்போக் அறுந்து ரிம் கோணினாலே டயர் குழாயில் தேய்த்துப் பெயின்ட்டைத் தின்ன ஆரம்பிக்கும்.

மட்கார்டு வேண்டும் என்றால் அது டயரைவிட ஏறக்குறைய 10 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 40 டயருக்கு 50 மட்கார்டு. 52-க்குள் 50 நுழையும், ஆனால் மூச்சு முட்டும். அதனால் என் கட்சி 38. மட்கார்டு 50-க்கு மேல் வேண்டாம். அந்த இறுக்கமான இடத்தில் மட்டும் அதன் ஓரத்தைப் பக்கத்துக்கு இரண்டு மி.மீ. சீவிவிடுங்கள். பிளாஸ்டிக்தான், கத்திக்கே வழிவிடும். டயர் அகலம் 6 கூடினால் உயரமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும், அதற்கு உங்கள் இரண்டு விரல் இடம் போதும்.

ஒரே துளை இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. கேரியர் காலும் மட்கார்டு கம்பியும் ஒரே போல்ட்டில் போகலாம். பாரம் தாங்குகிற கேரியர் கால் பிரேமை ஒட்டி உள்ளே, மட்கார்டு கம்பி அதற்கு வெளியே. கொஞ்சம் நீளமான 5 மி.மீ. எஸ்.எஸ். போல்ட் வாங்குங்கள், நம் கடற்காற்றில் சாதா போல்ட் ஒரே மழையில் சிவந்துவிடும். செயின் பக்கத்தில் போல்ட்டின் நுனி உள்ளே துருத்தக் கூடாது. ஆகச் சின்னப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் நுனியை அராவிவிட வேண்டும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முன் மட்கார்டின் கீழ் நுனிதான் செயினையும் பெடல் அச்சையும் காப்பாற்றுகிறது. கம்பெனியில் வருவது பெரும்பாலும் குட்டையாக இருக்கும். பஞ்சர் கடையில் கிழிந்த லாரி டியூப் ஒரு துண்டு கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, இரண்டு சின்ன போல்ட், வாஷர் போட்டு மாட்டினால், தரையிலிருந்து நாலு விரல் உயரம் வரை தொங்கும். அப்புறம் பாருங்கள், ஷூ கூட நனையாது.

காசிமேடு கரை

அண்ணன் சொல்வது தார் ரோட்டுக்குச் சரி. பழவேற்காடு பக்கம் மழையில் மண் பாதையில் இறங்கினால் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். எங்கள் ஏரியாவில் ரோட்டில் கிடக்கும் நைலான் வலைத்துண்டு முன்சக்கரத்தில் சுற்றினால் இன்னும் மோசம். மட்கார்டு மடங்கி உள்ளே போய், ஆளைத் தலைகுப்புறத் தள்ளும்.

தண்டையார்பேட்டை பழைய இரும்பு

நியாயமான பேச்சு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அழகுக்காக ஒட்டி வைக்காதீர்கள். முன் கம்பிகள் இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் கிளிப் வைத்த மட்கார்டு கிடைக்கிறது, முன்பக்கத்துக்கு அதுதான். பெடலில் கால் வைத்து ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ நுனி மட்கார்டில் இடிக்கிறதா என்றும் வீட்டு வாசலிலேயே பாருங்கள். களிமண்ணுக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இப்போது பூட்டு. நாள் முழுக்க ஸ்டேஷனில் நிற்கும் வண்டிக்கு கேபிள் பூட்டு போடுவது திருடனுக்கு மரியாதை செய்வது மாதிரி. கையடக்க கட்டரில் அறுந்துவிடும். யு-லாக், அதாவது யு வடிவில் வளைத்த கனமான இரும்புப் பூட்டு, வாங்குங்கள். பின்சக்கரம், பிரேம், தரையில் ஊன்றிய கம்பி மூன்றும் அதற்குள் வர வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன விஷயம்: 38 டயரும் மட்கார்டும் ஏறிய பிறகு சின்ன யு-லாக் சக்கரத்தைச் சுற்றி வராது. அட்டையில் யு வடிவம் வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், உள்ளே காலியிடம் கிடந்தால் கடப்பாரை நுழையும்.

டீக்கடை, மெடிக்கல் ஷாப் மாதிரி இடங்களுக்குப் பின்சக்கரத்தில் பொருத்தும் வளையப் பூட்டு சௌகரியம். ஆனால் வி-பிரேக் கை இருக்கும் இடத்தில்தான் அதுவும் உட்காரப் பார்க்கும். வண்டியைக் கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சக்கரம் கையாலேயே கழற்றும் லீவர் வைத்ததென்றால், அலன் கீ போட்டுக் கழற்றும் அச்சாக மாற்றிவிடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பிரேம் நம்பர் இருக்கும், இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவித் துளையில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக் கட்டியாகிவிடும். கிராஃபைட் பொடி நல்லது.

காலடிப்பேட்டை பெடல்

ரொம்ப நன்றி அண்ணே. சனிக்கிழமை அட்டையோடு ரத்தன் பஜார் போகிறேன். 38-க்குக் காற்று எவ்வளவு? ஸ்பீடோமீட்டரில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

தண்டையார்பேட்டை பழைய இரும்பு

உங்கள் எடை எழுபது சொச்சம் என்றால் பின்னால் 50 பி.எஸ்.ஐ., முன்னால் 45-ல் ஆரம்பியுங்கள். பைகள் ஏறினால் பின்னால் கொஞ்சம் கூட்டுங்கள். டயரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். கடைக்காரர் கல்லு மாதிரி அடித்துவிட்டால் அகல டயர் வாங்கியதே வீண். ஒல்லி வால்வ் என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அந்த வால்வில் நேராக மாட்டாது. ஸ்பீடோமீட்டரில் சக்கரச் சுற்றளவு மி.மீ. கணக்கில் 2155 என்று இருக்கும், அதை 2180 ஆக்குங்கள்.