டிராஜன் தூண் காமிக்ஸா இல்லையா? கொஞ்சம் சண்டை போடுவோம்

சித்திரப்பித்தன்:
காமிக்ஸ் 1890-களில் நியூயார்க் பத்திரிகையில் மஞ்சள் அங்கி போட்ட மொட்டைப் பையன் ‘யெல்லோ கிட்’ என்ற சித்திரப் பாத்திரத்தோடு பிறந்தது என்று இன்னும் எத்தனை நாளைக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள்? ரோமில் பேரரசர் டிராஜனின் வெற்றித் தூண் நிற்கிறது, கி.பி. 113-ல் திறந்தது. இன்றைய ருமேனியாப் பக்கம் டேசியர்களோடு நடந்த இரண்டு போர்களை ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள சிற்ப நாடாவாகச் செதுக்கி 23 சுற்றாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். நூற்றைம்பது காட்சிகளுக்கு மேல். பேரரசர் ஐம்பது இடங்களுக்கு மேல் வருகிறார், அவரைப் பிடித்துக்கொண்டே கதையைத் தொடரலாம். காட்சி மாறும் இடங்களில் பல தடவை ஒரு மரத்தை நட்டுவிடுகிறார்கள், அதுதான் கட்டக்கோடு. முதல் போர் முடிந்ததும் வெற்றித் தேவதை ஒருத்தி கேடயத்தில் எழுதிக்கொண்டு நிற்கிறாள். முதல் பாகம் முற்றும்! இது காமிக்ஸ் இல்லையென்றால் வேறு எது?

மசிக்கூடு:
அந்தத் தூணை யார் படித்தார்கள், அதை முதலில் சொல்லுங்கள். தரையில் நிற்பவனுக்குக் கீழே உள்ள சில சுற்றுகள் தெரியும், அதற்கு மேல் சும்மா நெளிநெளியாக இருக்கும். கதையை வரிசையாகத் தொடரணும் என்றால் அண்ணாந்தபடி 23 தடவை பிரதட்சணம் வரணும். அது அரசன் பெருமை பேசும் சின்னம், வாசகனுக்காகச் செய்ததில்லை. கலை வரலாற்றாசிரியர் டேவிட் குன்ஸில் 1973-ல் காமிக்ஸின் தொடக்க வரலாற்றை எழுதியபோது 1450 வாக்கில், அதாவது அச்சு வந்த காலத்திலிருந்துதான் ஆரம்பித்தார். பல பிரதி, கையில் எடுத்துப் பார்க்கும் ஆள், இது ரெண்டும் இல்லாமல் காமிக்ஸ் இல்லை.

வெட்டிவேர்:
ஈரானில் ஷாரே சுக்தே என்ற இடத்தில் கிடைத்த ஐயாயிரம் வருஷப் பழைய கிண்ணத்தில் ஒரு ஆடு தாவித் தாவி மரத்து இலையைத் தின்பதை ஐந்து படமாகப் போட்டிருக்கிறான், அதைச் சேர்க்க மாட்டீர்களா?

மசிக்கூடு:
ஆடு தின்றது. சரி. அப்புறம்?

கல்தச்சன்:
மசிக்கூடு சார், படிக்க முடியாது என்பதுதான் உங்கள் குறை என்றால் காஞ்சிபுரம் வாருங்கள். வைகுந்தப் பெருமாள் கோயில், எட்டாம் நூற்றாண்டு. திருச்சுற்று மண்டபத்துச் சுவர் நெடுகப் பல்லவர் வம்சக் கதை இரண்டு வரிசையாக ஓடுகிறது, தனித்தனிக் கட்டமாக. மணற்கல் என்பதால் நிறையப் பொரிந்துபோய்விட்டது, ஆனாலும் கிட்டே நின்று, நடந்துகொண்டே பார்க்கலாம். சில கட்டங்களுக்கு என்ன நடக்கிறது என்று கல்வெட்டே இருக்கிறது. பரமேசுவரவர்மன் இறந்து நாட்டுக்கு அரசன் இல்லாமல் போகிறது. காஞ்சியிலிருந்து வம்சத்தின் பக்கத்துக் கிளையைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடிப் போகிறார்கள், அவர் பிள்ளைகளைக் கேட்கிறார், மற்றவர்கள் மாட்டேன் என்கிறார்கள், பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் மட்டும் நான் போகிறேன் என்கிறான். யார் என்ன சொன்னார்கள் என்பது வரை கல்லில் எழுதியிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? பேச்சு பலூன், அதாவது பாத்திரத்தின் பேச்சை அடைத்துக் காட்டும் குமிழி, அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பவர்களுக்கு இன்னொன்று. எகிப்தில் எல் காப் என்ற ஊரில் பாஹெரி என்பவரின் கல்லறை, மூவாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் பழையது. விருந்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தோடேயே அவள் பேச்சும் இருக்கிறது: பதினெட்டுக் கோப்பை மது கொண்டா, எனக்குப் போதையேற வேண்டும், உள்ளே வைக்கோலாகக் காய்ந்து கிடக்கிறது. பலூன் கோடு மட்டும்தான் பாக்கி.

மசிக்கூடு:
அந்த அம்மாவை எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்லறைக்குள் யார் வாசகர்? காஞ்சியும் அதேதான், அந்தப் பல்லவமல்லன்தான் பக்கத்துக் கிளையிலிருந்து வந்து அரியணை ஏறிய நந்திவர்மன், அவர் தனக்கு உரிமை உண்டு என்று கல்லில் நிறுவுகிறார். நான் கேட்பது பரம்பரை. ஜெனீவா பள்ளி ஆசிரியர் டாப்ஃபர் 1830-களில் கோட்டோவியமும் வரியுமாகப் புத்தகம் போட்டார், பாரிஸில் அதைத் திருட்டுப் பதிப்புப் போட்டார்கள், 1842-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது. அங்கிருந்து இங்கே வரைக்கும் சங்கிலி அறுபடாமல் வருகிறது. பாஹெரியிலிருந்து டாப்ஃபருக்கு ஒரு கண்ணி காட்டுங்கள் பார்ப்போம். முகச்சாயல் இருப்பவனெல்லாம் பங்காளி ஆகிவிட மாட்டான்.

சித்திரப்பித்தன்:
பங்காளி வேண்டாம், வித்தை ஒன்றா இல்லையா? பிரான்ஸின் பேயூ ஊர்ச் சித்திரத் துணியைப் பாருங்கள், ஏறத்தாழ 70 மீட்டர் லினன் துணியில் கம்பளி நூல் தையல், 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த கதை, மேலே லத்தீனில் குட்டி வாசகங்கள். அதில் எட்வர்ட் அரசரின் சவ ஊர்வலம் முதலில் வருகிறது, அவர் படுக்கையில் கிடந்து சாவது அதற்கு அப்புறம்! தப்பாகத் தைத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரணப் படுக்கைக்கு அடுத்தாற்போல், அவருக்குப் பின் அரசரான ஹரால்டுக்குக் கிரீடம் நீட்டுகிறார்கள். சாவும் கிரீடமும் ஒட்டி நிற்கணும் என்பதற்காகவே புதைப்பதை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். கட்டங்களை இடம் மாற்றி வைத்து அர்த்தம் உண்டாக்கத் தெரிந்தவன் காமிக்ஸ்காரன்தான், அவன் அச்சாபீசைப் பார்த்தானா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை.

கல்தச்சன்:
கையில் எடுத்துப் பார்ப்பதுதான் அளவுகோல் என்றால் மெக்சிகோவின் மிஷ்டெக் மக்களுடைய மான்தோல் சுவடி இருக்கிறதே. விசிறி மடிப்பாக மடித்த புத்தகம், சிவப்புக் கோடுகள் கண்ணை வளைத்து வளைத்து அடுத்த காட்சிக்குக் கொண்டுபோகும், பயணம் என்றால் காலடித் தடம். நாயகன் ‘எட்டு மான்’, பிறந்த நாளே பெயர், 1063-ல் பிறந்தவர், கிட்டத்தட்ட பேயூ காலத்து ஆள். தூண் இல்லை, கல்லறை இல்லை, மடித்து எடுத்துப் போகலாம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மசிக்கூடு:
நல்ல புத்தகம்தான், கதை சொல்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதை அமெரிக்க ஆய்வாளர் ஜெலியா நட்டால் வெளிக்கொண்டுவந்து ஊருக்கெல்லாம் பார்க்கக் கிடைத்தது 1902-ல். அதற்குள் அமெரிக்க ஞாயிற்றுப் பத்திரிகைகளில் வாரா வாரம் வண்ணத்தில் காமிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் எட்டு மானைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அதை வரையவில்லை.