லூர்தம்மாள் சைமன்: கடற்கரையிலிருந்து சென்ற சட்டமன்ற உறுப்பினரை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி: நெய்தல்வாசி

1957-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு காமராசர் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர்தான் இருந்தார்கள். அவர்களில் பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், கக்கன் ஆகியோரைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒரே பெண்ணாக இருந்தவரும், குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவரும், குமரி மாவட்ட மீனவச் சமூகத்தைச் சேர்ந்தவருமான லூர்தம்மாள் சைமனைப் பற்றிப் பேச்சு வந்தால், "மீனவர்களின் முதல் அமைச்சர்" என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊர் நூலக மலருக்காக அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முற்பட்டிருக்கிறேன். மூத்தவர்களிடம் கேட்டால், சிலர் பெருமையோடு அவர் பெயரைச் சொல்கிறார்கள், வேறு சிலரோ, "அமைச்சராக இருந்தும் கடற்கரைக்கு என்ன செய்தார்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்த இரண்டுமே எனக்கு நிறைவைத் தரவில்லை. மீனவச் சமூகத்திலிருந்து வந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பொதுவாழ்வை நியாயமாக மதிப்பிட எதை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய ஏடு

முதலில் ஒரு திருத்தம். சென்னை மாகாண அமைச்சரவையில் இடம்பெற்ற கடற்கரைச் சமூகத்தவர்களில் லூர்தம்மாள் முதலாமவர் அல்லர். நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் தூத்துக்குடியைச் சேர்ந்த ரோச் விக்டோரியா அமைச்சராக இருந்திருக்கிறார். பின்னாளில், 1977-இல் அமைந்த எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் ஜி.ஆர். எட்மண்ட் உணவுத் துறையைப் பார்த்துக்கொண்டார். எனவே, "முதல்" என்ற அடைமொழியைத் தவிர்த்துவிட்டுக் கட்டுரையை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாமலேயே லூர்தம்மாளின் வாழ்வு கனமானதுதான்.

அந்தக் கனம் காலச்சூழலில் இருக்கிறது. திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தின் விளைவாகக் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த சில மாதங்களிலேயே வந்த 1957 தேர்தல்தான், அந்த மாவட்டத்து மக்கள் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்த முதல் தேர்தல். அதற்கு முன்புவரை அவர்களுக்கு அரசாங்கம் என்றால் திருவனந்தபுரம். தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தும் சேராமலும் இருந்த அந்த நேரத்தில், மாவட்டத்தின் மிகப் பின்தங்கிய பகுதியாகிய கடற்கரையிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்து, எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் காமராசர் இடமளித்தார் என்பதை வெறும் பிரதிநிதித்துவக் கணக்காக நான் பார்க்கவில்லை. அந்த மாவட்டத்தை மாநிலம் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம்.

இரண்டாவது, அவருக்குக் கிடைத்த உள்ளாட்சித் துறை. 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டமும், அதன் வழியே பிறந்த ஊராட்சி ஒன்றியங்களும் அவர் அந்தத் துறையில் இருந்த காலத்தவை. குடிநீர், தெருவிளக்கு, சாலை, இடுகாடு முதலியவற்றை ஊராட்சியின் கடமைகளாக வகுத்தது அந்த அமைப்பு. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு உள்நாட்டுக் கிணறுகளைத் தேடி நடந்த கடற்கரைப் பெண்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1962-இல் காமராசர் மீண்டும் அமைத்த அமைச்சரவையில் லூர்தம்மாள் இல்லை; பெண் அமைச்சராக ஜோதி வெங்கடாசலம் இடம்பெற்றார். ஆக, அவருடைய அமைச்சர் வாழ்வு அந்த ஐந்தாண்டுகள்தான்.

பதில் 2: கரைமடி

அவருக்குப் பின் கடற்கரையிலிருந்து ஏன் இவ்வளவு குறைவானவர்களே சட்டமன்றத்துக்குப் போனார்கள் என்ற கேள்வியையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான விடை பெரிதும் தொகுதி எல்லைகளில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர்; அது 14 மாவட்டங்களைத் தொட்டுச் செல்கிறது. மீனவ ஊர்கள் அந்தக் கரை நெடுகிலும் ஒற்றை வரிசையாக அமைந்திருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் வயலும் நகரமும் விரிகின்றன. தொகுதியை வரையும்போது கோடு கரையிலிருந்து உள்நாட்டை நோக்கிப் போகிறது. அதனால் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, ஒரே கடலில் தொழில் செய்து, தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மக்கள் வெவ்வேறு தொகுதிகளில் சிறுபான்மையாகப் பிரிந்துபோகிறார்கள். குமரி மாவட்டத்திலேயே கன்னியாகுமரி, குளச்சல், கிள்ளியூர் எனக் கடற்கரை துண்டுபட்டுத்தான் கிடக்கிறது. 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மீனவர்களுக்கென்று தனித்தொகுதி எதுவும் இல்லை. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை மீனவர் அமைப்புகளிடம் நெடுங்காலமாக இருந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட வடசென்னையின் நிலை வேறு. இராயபுரம் தொகுதியிலிருந்து டி. ஜெயக்குமார் 1991, 2001, 2006, 2011, 2016 ஆகிய ஐந்து தேர்தல்களில் வென்று, பேரவைத் தலைவராகவும், நிதி, மீன்வளம் உள்ளிட்ட துறைகளின் அமைச்சராகவும் இருந்தார். 1996-இலும் 2021-இலும் அவர் தோற்றிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மீனவர் செறிந்த இடத்திலும் வெற்றியைக் கட்சி அலைதான் தீர்மானிக்கிறது.

பதில் 3: ஆழ்கடல்

மேலே இருவரும் எழுதியவற்றை ஏற்றுக்கொண்டு, நான் முக்கியமென்று கருதும் ஒன்றைச் சொல்கிறேன். "கடற்கரைக்கு என்ன செய்தார்?" என்று கேட்பவர்கள், ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அதிகாரம் கடலில் எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மீன்பிடித்தொழில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழும், இலங்கையோடான பேச்சுவார்த்தை வெளியுறவு அமைச்சகத்தின் கையிலும் உள்ளன. ஆனால் படகு திரும்பாத இரவில் குடும்பத்தார் முதலில் தேடிப்போவது பங்குத்தந்தையையும் ஊர்த் தலைவரையும்தான். அவர்களோடு சேர்ந்து அடுத்ததாகச் செல்வது சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலுக்கு. அவரால் செய்ய முடிந்ததெல்லாம் ஆட்சியரையும் மீன்வளத் துறை அதிகாரியையும் அழைத்துப் பேசுவதுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் நாள் கணக்காகத் தங்கித் தொழில் செய்யும் தொலைவில் இருந்தார்கள். தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். சட்டமன்றத்தில் தங்கள் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தொலைவில் மாநிலத்தின் கை எட்டாது என்பது அன்று வெளிப்படையாகத் தெரிந்தது.

மாநிலத்தின் கை எட்டும் இடத்திலும் சிக்கல் உண்டு. "மீனவர் நலன்" என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, விசைப்படகுக்காரரின் நலனும் நாட்டுப்படகுக்காரரின் நலனும் பல சமயங்களில் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலின் விளைவாகத்தான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய மூன்று கடல் மைல்களை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கும் விதி அதிலிருந்து உருவானது. மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்கு 2000-இல் மாநில அரசு தடை விதித்தது. 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் அதைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி தந்தது. இந்த விவகாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களே எதிரெதிராக நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் அதே சமூகத்தில் பிறந்த உறுப்பினர் வாயைத் திறந்தால் பாதி ஊர்களுக்குப் பகையாகிவிடுகிறார், திறக்காவிட்டால் எல்லா ஊர்களுக்கும் பகையாகிவிடுகிறார். வெளியிலிருந்து வந்த வேட்பாளருக்கு இந்த நெருக்கடி இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, லூர்தம்மாள் பொறுப்பேற்ற உள்ளாட்சித் துறையைச் சிறியதென்று நான் நினைக்கவில்லை. குடிநீர்க் குழாய், சாலை, கடலரிப்பைத் தடுக்கும் சுவர், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவு, மீன் இறங்குதளம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று கரையில் நடப்பவைதான் ஒரு சட்டமன்ற உறுப்பினரால் உண்மையிலேயே பெற்றுத்தரக்கூடியவை. அவற்றை அவர் கேட்டாரா, எத்தனை முறை கேட்டார், ஆளுங்கட்சியில் இருந்தபோதும் கேட்டாரா என்பதே என் அளவுகோல்.

கேள்வியாளர்: நெய்தல்வாசி

மூவருக்கும் நன்றி. "முதல்" என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ஆழ்கடல் ஐயா சொல்லும் அளவுகோலைப் பயன்படுத்த வேண்டுமானால், லூர்தம்மாள் அவையில் என்ன பேசினார் என்பதை எங்கே பார்ப்பது?

பதில் 4: பழைய ஏடு

பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டுள்ளன; சென்னையில் பேரவை நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம். 1957 முதல் 1962 வரையிலான தொகுதிகளில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, உள்ளாட்சித் துறை மானியக் கோரிக்கையின், அதாவது அந்தத் துறைக்கான செலவுத் தொகைக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கையின், மீதான விவாதமும் அமைச்சரின் பதிலுரையும். மற்றொன்று, மீன்வளத் துறை மானியக் கோரிக்கை வரும் நாள். அன்று கடற்கரைத் தொகுதிகளின் உறுப்பினர்களில் எவரெவர் எழுந்து பேசினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். நீண்ட உரைகளில் அகப்படாத ஊர்ப் பெயர்கள் அங்கேதான் வரும்.