'ரைவல்' என்ற சொல் ஆற்றிலிருந்து வந்ததா?

மேட்ச் பார்க்க உட்கார்ந்தால் கமெண்டரியில் நூறு தடவை 'ரைவல்', 'ரைவல்ரி' என்கிறார்கள். நேற்று நண்பர் ஒருவர், ரிவர்தான் ரைவல் ஆனது, அக்கரைக்காரனும் இக்கரைக்காரனும் அடித்துக்கொண்டதால் வந்த சொல் என்று அடித்துச் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம். வாட்ஸ்அப் கதையா?

சொல்வேட்டை:
பாதி சரி. லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். அதிலிருந்து 'ரீவாலிஸ்', அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவன். கரைக்குக் கரை சண்டையெல்லாம் இல்லை, பங்குக்காரன்தான். ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் வாய்க்கால் தகராறுகளைப் பற்றி எழுதுமிடத்தில் இந்தச் சொல்லை இதே பொருளில்தான் விளக்குகிறார். ஆனால் அவருக்கும் வெகு முன்பே, கி.மு. 200 வாக்கில், பிளாட்டஸ் தன் நாடகத்தில் ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு பேரை ரீவாலிஸ் ஆக்கிவிட்டார். தண்ணீரிலிருந்து பெண்ணுக்கு, அங்கிருந்து கிரிக்கெட்டுக்கு!

ரிவர் வேறு குடும்பம். அது 'ரீப்பா', கரை என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'அரைவ்' கூட அதே வேர்தான், கரை சேர்வது.

கடைமடை:
இதற்கு ரோம் வரை போகவேண்டாம் சார். எங்கள் ஊரில் முறைத்தண்ணீர் ராத்திரி 2 மணிக்கு வரும், அப்பா டார்ச்சும் மம்பட்டியுமாகப் போய்ப் பார்த்தால் வாய்க்காலில் ஈரம் மட்டும் இருக்கும், மேலே பெரியப்பா வயல் மடையில் நாலு கொத்து மண்ணை யாரோ எடுத்துவிட்டு வைக்கோலைத் திணித்து மறைத்திருப்பார்கள். யாரோ என்ன யாரோ. விடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும், ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர்தான் முதலில். பங்கு உள்ளவன் பங்காளி, சண்டை என்றாலே பங்காளிச் சண்டை. அதே கதைதானே?

கேட்டவர்:
அட! அப்போ தாயாதிச் சண்டை? அது தாய்வழி உறவா?

சொல்வேட்டை:
இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தாயாதி தந்தைவழிப் பங்காளிதான். வடமொழியில் 'தாய' என்றால் பரம்பரைச் சொத்து, அதைப் பெறுகிறவன் 'தாயாத'. அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைமடை சொன்னது ரொம்பச் சரி. ஆங்கிலத்திலும் ரைவலுக்குக் கூட்டாளி என்ற பொருள் கொஞ்ச காலம் இருந்தது. 'ஹாம்லெட்' முதல் காட்சியில் பெர்னார்டோ தன்னோடு காவல் நிற்க வருகிறவர்களை 'ரைவல்ஸ்' என்றுதான் சொல்கிறான், விரோதம் ஒன்றும் கிடையாது.

கேட்டவர்:
நன்றி. நண்பரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "கரை இல்லாமல் ஆறு ஏது, நான் சொன்னதும் சரிதான்" என்கிறார்.