காரை நாமே பழுதுபார்த்தால் குடும்பத்துக்கு உண்மையில் மிச்சமாகிறதா?

செம்மண் சாலை:
மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்குக் கார் ஆடம்பரம் அன்று. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், இரவில் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்கு ஓடவும் அதை விட்டால் வேறு வழியில்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்த பிறகும், எதிர்பாராத பட்டறைச் செலவு ஒன்று வந்தால் அந்த மாதம் துண்டு விழுகிறது. ஆகவே, எளிய பராமரிப்பு வேலைகளையாவது நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பழைய மைவி 1.3 காரின் இன்ஜினுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெய் போதும்; நாம் வாங்குவதோ 4 லிட்டர் போத்தல். வீட்டிலேயே மாற்றுபவருக்கு மூன்று முறை மிஞ்சியது நான்காம் முறைக்கு உதவும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் கிளப்பும் புழுதிக்குள் தினமும் ஓடும் காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்ப்பதற்கும், தேவையென்றால் மாற்றுவதற்கும் யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

தாமான் வாசி:
தம்பி, நீங்கள் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் எண்ணெய் மாற்றும் கூலி 20, 30 வெள்ளிக்கு மேல் போவதில்லை. ஜாக், ஜாக் ஸ்டாண்ட், ஸ்பேனர் செட் என்று வாங்கிவிட்டு, அந்தப் பணத்தைக் கூலியில் மிச்சப்படுத்தி எடுக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? வீட்டுச் செலவை எழுதி வைப்பவள் நான் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கிளட்ச் போய்விட்டால் கையில் முழுப் பணம் இருக்காது. அப்போது தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, கடன் குறிக்கும் சின்ன 555 புத்தகத்தில் நம் பெயரை எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் கொடுங்கள் என்று சாவியைத் தருகிறார். லாபமுள்ள சின்ன வேலைகளை எல்லாம் வீட்டில் முடித்துக்கொண்டு, கடன் சொல்ல மட்டும் அவர் வாசலில் போய் நின்றால், அந்த முகதாட்சண்யம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

செம்மண் சாலை:
அக்கா, 555 புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் கூலியில் இல்லை, நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மைவி நின்ற இடத்திலேயே நடுங்கியது; ஒரு பட்டறையில், ப்ளக்குகளுக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் நான்கு ப்ளக் காயில்களையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உண்டு. இன்ஜின் ஓடும்போது நடுங்குகிறதென்றால், இன்ஜினை அணைத்து, ஒரு காயிலின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் கவனிக்க வேண்டும். பிறகு அடுத்ததைப் பார்க்க வேண்டும். நல்ல காயிலைக் கழற்றினால் நடுக்கம் கூடும். எதைக் கழற்றியும் மாற்றம் தெரியவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டதும் கோளாறும் கூடவே இடம் மாறியது. பழுது காயிலில்தான் என்று தெரிந்ததால் அவர் வாங்கியது ஒரே ஒரு காயில். மூன்று காயிலின் விலை அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையின் பள்ளிச் சீருடை.

பழைய பட்டறைக்காரர்:
தம்பி சொன்ன சோதனை முறை சரியானதுதான். ஆனாலும் நான்கையும் மாற்றச் சொல்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். ஒன்றை மாற்றி அனுப்பிய கார் அடுத்த மாதமே வேறொரு காயில் போய்த் திரும்பி வந்தால், 'நீதான் சரியாகப் பார்க்கவில்லை' என்ற பழி எங்கள்மேல்தான் விழும். முதலிலேயே வாடிக்கையாளரிடம் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுவதுதான் முறை.

எனக்குக் கவலை தருவது வேறு. காரோடு வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. மழை பெய்த மண் முற்றத்தில் அதை நம்பிக் காரின் அடியில் படுக்கக் கூடாது. ஜாக் ஸ்டாண்டுக்குக் கீழேயும் கனமான பலகை வேண்டும். கழிவெண்ணெய் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 305 எனக் குறியிடப்பட்ட கழிவு. அதை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றினால் ஆற்றுக்குத்தான் போகும். பழைய போத்தலில் அடைத்துப் பட்டறைக்குக் கொண்டு வந்தால், எங்கள் பீப்பாயில் ஊற்றிக்கொள்ள யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிரேக் எண்ணெயை மட்டும் தயவுசெய்து வீட்டில் தொடாதீர்கள். டாட் 3 வகைப் பிரேக் எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்; ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140 பாகை வரை இறங்கிவிடும். மாற்றும்போது குழாயில் காற்று தங்கிவிட்டாலும், பழைய எண்ணெய் சூட்டில் ஆவியானாலும் விளைவு ஒன்றே: மிதிக்கும் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. கேமரன் மலையிலிருந்து தாப்பா பக்கம் குடும்பத்தோடு இறங்கும்போது அப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? புரோட்டோன் சாகா காரில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைச் சீராக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். அதன் கேம்ப்ரோ இன்ஜினில் பெல்ட் தவறினால் வால்வுகள் வளைந்துவிடும்.

செம்மண் சாலை:
ஐயா, பிரேக்கையும் பெல்ட்டையும் பட்டறைக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் எண்ணெய், ஃபில்டர், பேட்டரி, ப்ளக் ஆகியவற்றில் மிச்சமாகும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்து, பெல்ட் மாற்றும் நாளில் தவுக்கேயிடம் ரொக்கமாகக் கொடுத்தால், அக்கா பயப்படுகிற கடனே குறைந்துவிடும் அல்லவா?

தாமான் வாசி:
ரொக்கத்தைப் பற்றிய உங்கள் யோசனை நல்லது; ஏர் ஃபில்டரையும் பேட்டரியையும் நாங்களும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். எண்ணெய் மாற்றத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. பட்டறையில் காரை மேலே தூக்கும்போது, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருப்பதும், அதிர்வைத் தாங்கும் அப்சார்பர் ஒழுகுவதும் எண்ணெய் மாற்றுகிறவர் கண்ணில் தானாகவே படும். மண்ணில் படுத்துக்கொண்டு கைவிளக்கில் பார்ப்பவருக்கு, செம்மண் அப்பிக் கிடக்கும் அந்த உறையில் கிழிசல் தெரியவே தெரியாது. கிழிசல் வழியே மண் புகுந்தால் உறையோடு முடிய வேண்டிய செலவு முழு ஷாஃப்ட் வரை போய்விடும். அந்த ஒரு பார்வைக்காகவே 30 வெள்ளி கூலியைத் தொடர்ந்து கொடுப்பேன்.