அம்மாவுக்குத் தெரியாமல் மாட்டு எலும்பா?

கும்பகோணத்துக்காரி:
அம்மாவுக்கு 68 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் போய் மூன்று வருடமாகிறது. அந்த இடத்தில் எலும்பு கரைந்து கத்தி விளிம்பு போல மெலிந்துவிட்டதாம். இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைக்கும் முன் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்றார் பல் மருத்துவர். சிறு குப்பியில் ரவை போன்ற வெள்ளைக் குருணையைக் காட்டி, ‘எலும்புத் தூள்’ என்று மட்டும் சொன்னார். பெட்டிக்குள் இருந்த தாளை நான்தான் படித்தேன். மாட்டு எலும்பு!

அம்மா முட்டை போட்ட கேக்கைத் தொடமாட்டார். கேப்ஸ்யூல் கொடுத்தால்கூட, உறை விலங்கு ஜெலட்டினாக இருக்கும் என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மருந்தை மட்டும் தேனில் குழைத்துச் சாப்பிடுவார். ‘சொல்லாதே, வேலை முடியட்டும்’ என்கிறான் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

ஈறு வைத்தியர்:
சொல்லிவிடுங்கள் சகோதரி. அந்த மருத்துவரே சொல்லியிருக்க வேண்டும்.

மாட்டு எலும்புதான். ஆனால் கொழுப்பு, புரதம், செல் எல்லாவற்றையும் வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாது மட்டும்; நம் எலும்பிலும் அதே வகைத் தாதுதான். அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டது போல, நம் எலும்பு அதன்மேல் படர்ந்து வளரும். பந்தல் தானாகக் காய்க்காது. சுற்றியுள்ள எலும்பில் உயிரும் ரத்த ஓட்டமும் இருக்க வேண்டும். இந்தக் குருணை மிக மெதுவாகத்தான் கரையும். பல வருடம் கழித்து எக்ஸ்-ரே எடுத்தாலும் துகள் தெரியும். இடம் மறுபடி சுருங்காமல் இருக்க அதுவே உதவுகிறது.

மாற்று உண்டு. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் போன்றவை ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுபவை. விலங்குச் சம்பந்தமே இல்லை, சற்று விரைவாகக் கரையும். இல்லையென்றால் ஞானப்பல்லுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் எலும்பையே சுரண்டி எடுக்கலாம். கூடுதலாக ஒரு காயம், அவ்வளவுதான்.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: குருணையின்மேல் மூடும் மெல்லிய சவ்வு. பெரும்பாலும் அது பன்றியின் கொலாஜன் என்ற புரதம். அதையும் கேளுங்கள்.

பழைய நோயாளி:
எனக்கு மேல்தாடையில், மூக்கோடு சேர்ந்த சைனஸ் என்ற காற்றறைக்கு அடியில் இந்த மாட்டு எலும்புக் குருணையையே வைத்தார்கள். நான் எல்லாக் கறியும் சாப்பிடுகிறவன், எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் வாரம் நாக்கில் இரண்டு மூன்று துகள், கீரையில் மண் நெறிபடுவது போலத் தட்டுப்பட்டது. மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். இம்பிளாண்டுக்கு ஆறு மாதம் காத்திருந்தேன்.

சுவடி:
அண்ணனிடம் ஒரு கதை சொல்லுங்கள். 1668இல் யோப் வான் மேக்கரன் என்ற டச்சு அறுவை மருத்துவரின் குறிப்புகள் அச்சாயின. ஒரு வீரனின் உடைந்த மண்டையில் நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்தார்களாம். திருச்சபை அவனை விலக்கிவைத்தது. எடுத்துவிடுங்கள் என்று திரும்பி வந்தான். அதற்குள் எலும்பு ஒட்டிவிட்டது.

கும்பகோணத்துக்காரி:
நேற்று இரவு சொல்லிவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. ‘இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள்?’ என்று அண்ணனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். செயற்கைத் தூள் வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டாயிற்று, தருவித்துத் தருகிறாராம். சவ்வைப் பற்றிக் கேட்டதும் அவரே பெட்டியைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.