நெபுலைசருக்கும் அடங்காத வீசிங்: பார்த்தவர்கள் சொல்வது

குழந்தை நல மருத்துவர்

இரண்டு வயதுப் பையன். ஒரு மாதத்துக்கு மேலாக வீசிங். நெபுலைசர், ஸ்டீராய்டு சிரப், ஆன்டிபயாடிக் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். கொண்டுவந்த எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. ஆனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலது பக்கம் மட்டும் விசில். மூச்சு உள்ளே போகிற சத்தமும் அந்தப் பக்கம் குறைவு. ஆஸ்துமா இப்படி ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

சாப்பிடும்போது எப்போதாவது புரை ஏறியதா என்று கேட்டேன். அம்மா இல்லை என்றார். கூட வந்த பாட்டிதான், "கடலை தின்னுக்கிட்டே ஓடினான், இருமி இருமி முகமே செவந்துபோச்சு. அப்புறம் சரியாயிடுச்சு" என்றார். கடலை மூச்சுக்குழாயின் கிளையில் போய் உட்கார்ந்துவிட்டால் இருமல் கொஞ்ச நாள் அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டில் மறந்தே போவார்கள்.

கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சை வெளியே விட்ட நிலையில் படம் எடுத்தால், அடைபட்ட பக்கம் காற்று வெளியேற வழியில்லாமல் உப்பித் தெரியலாம். தெரியாமலும் போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால், படம் எப்படி இருந்தாலும் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துவிடுவதே சரி. இந்தப் பையனுக்கு அதில் ஊறி வீங்கிய பாதிக் கடலை வந்தது. பெற்றோரை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோரையும் கேளுங்கள்.

ஒரு அம்மா

என் மகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. சளி இல்லாத நாளிலும் இருக்கும், பால் குடிக்கும்போது கூடும். தலையைப் பின்பக்கம் வளைத்துப் படுத்தால் கொஞ்சம் குறையும். வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். திட உணவு தொடங்கியபோது விழுங்கவே திணறினாள்.

அவள் சாப்பிடுவதைப் போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னார் ஒரு டாக்டர். அதைப் பார்த்ததும், எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் திரவத்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார். உணவுக்குழாயைப் பின்னாலிருந்து எதுவோ அழுத்துகிற தடம் தெரிந்தது. சி.டி. ஸ்கேனில், பெருந்தமனி இரண்டு வளைவாகப் பிரிந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேர்த்துச் சுற்றி இறுக்கியிருந்தது. சிறிய வளைவை அறுவை சிகிச்சையில் வெட்டிப் பிரித்தார்கள். அதன் பிறகும் சத்தம் உடனே போகவில்லை. நசுங்கியே இருந்த குழாய்ச் சுவர் பலப்பட மாதக்கணக்கில் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

நுரையீரல் மருத்துவர்

அப்படிச் சுவர் தளர்ந்த குழந்தைகளில் சிலருக்கு, மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்தால் இரைச்சல் கூடும். சுவரைத் தாங்கிப் பிடிக்கிற தசையையும் அது தளர்த்திவிடுகிறது. மருந்து கொடுத்த பிறகு குழந்தை எப்படி இருந்தது என்று தனியாகக் கேட்பது அதனால்தான்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. பள்ளி செல்லும் வயது, முன்பு இளைப்பே இருந்ததில்லை, திடீரென்று வீசிங், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலையில் முகம் வீங்குகிறது. இந்தக் குழந்தைக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். நான் பார்த்த சிறுவனுக்கு நெஞ்சின் நடுவில் பெரிய கட்டி, லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, என்ன நோய் என்று உறுதி செய்வதே சிக்கலாகியிருக்கும். அந்த மருந்தால் புற்றணுக்கள் மொத்தமாக உடைந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. படுக்கவைத்து மயக்கம் கொடுப்பதும் அப்படித்தான்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

பதின்வயதுப் பெண், ஓட்டப் பயிற்சியின்போது இழுப்பு என்று சேர்த்தார்கள். ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருந்தது. சத்தம் நெஞ்சில் இல்லை, தொண்டையில், அதுவும் மூச்சை உள்ளே இழுக்கும்போது. தூங்கினால் சுத்தமாக நின்றுவிடும். இரவு டியூட்டியில் இருப்பவருக்குத்தான் இது தெரியும், குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். குரல்நாண்கள் திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொள்கின்றன என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். நடிப்பு இல்லை, அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. பேச்சுப் பயிற்சியாளர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், இன்ஹேலர்களை டாக்டர் படிப்படியாக நிறுத்தினார்.